பதவி பெறாத எதிர்க்கட்சித் தலைவர் ஏ.கே. கோபாலன்

புது தில்லி: மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் என்பது இன்று சட்டத்தின் அங்கீகாரம் பெற்ற பதவி. 1977ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் அதற்கு ஊதியமும் படிகளும் வகுத்தது. கேபினட் அமைச்சருக்கு நிகரான தகுதியும் அப்பதவிக்கு உண்டு. தேர்தல் ஆணையர்கள், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர், மத்திய புலனாய்வுத் துறை இயக்குநர், லோக்பால் ஆகியோரைத் தேர்வு செய்யும் குழுக்களில் அவருக்கு இடமளிக்கப்பட்டுள்ளது.

2014 தேர்தலில் 44 இடங்களையும், 2019 தேர்தலில் 52 இடங்களையும் பெற்ற காங்கிரஸ் கட்சிக்கு இப்பதவி கிடைக்கவில்லை. அவையின் மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் இருக்க வேண்டும் என்ற நடைமுறை காரணமாகக் காட்டப்பட்டது. பத்தாண்டுகள் காலியாக இருந்த இடம், 2024 தேர்தலில் அக்கட்சி 99 இடங்களைப் பெற்ற பின்னரே நிரப்பப்பட்டது.

பதவி இல்லாவிட்டால் எதிர்க்கட்சித் தலைவரின் பணியும் இல்லாமல் போய்விடுமா என்ற கேள்வி அக்காலத்தில் எழுந்தது. இதற்கான விடை முதலாவது மக்களவையின் வரலாற்றிலேயே உள்ளது. இரண்டு காலகட்டங்களில் மக்களவையின் முதன்மையான எதிர்க்கட்சிக் குழுவுக்குத் தலைமை வகித்தும், ஒரு நாள்கூட அப்பதவியை அதிகாரபூர்வமாக வகிக்காதவர் ஏ.கே.ஜி. என்று அறியப்பட்ட ஏ.கே. கோபாலன்.

ஆசிரியர் தொழிலிலிருந்து சிறைக்கு

வட மலபாரில், கண்ணூருக்கு அருகேயுள்ள பெரளசேரிப் பகுதியில் 1904 அக்டோபர் 1ஆம் தேதி பிறந்தவர் ஆயில்யத்து குட்டியாரி கோபாலன் நம்பியார். மலபார் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். தலைச்சேரியில் பயின்ற அவர், சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1930இல் உப்புச் சத்தியாகிரகம் தொடங்கியபோது வேலையைத் துறந்து காங்கிரஸ் இயக்கத்தில் சேர்ந்து சிறை சென்றார்.

1931 நவம்பரில் கே. கேளப்பன் தலைமையில் குருவாயூர் கோயில் நுழைவுப் போராட்டம் தொடங்கியது. அதில் தொண்டர் படைத் தலைவராக இருந்த கோபாலன், உயர் சாதியினர் சிலரின் கடும் தாக்குதலுக்கு உள்ளானார். பின்னர் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியிலும், அதையடுத்து கம்யூனிஸ்ட் கட்சியிலும் இணைந்தார்.

1936இல் மலபாரின் வேலையின்மையையும் வறுமையையும் அரசின் கவனத்துக்குக் கொண்டுவரக் கண்ணூரிலிருந்து சென்னைக்குப் பட்டினி யாத்திரை ஒன்றை நடத்தினார். வழியெங்கும் ஊர் மக்கள் அளித்த உணவை உண்டு, கூட்டங்கள் நடத்தி, தொண்டர்கள் கால்நடையாகவே மாகாணத் தலைநகரை அடைந்தனர். 1938இல் திருவாங்கூர் சமஸ்தானத்தில் பொறுப்பாட்சி கோரி நடந்த கிளர்ச்சிக்கு ஆதரவாக மலபாரிலிருந்து மற்றொரு யாத்திரைக்குத் தலைமை ஏற்றார்.

மக்களின் குறையை அதிகாரத்தின் வாசலுக்கே கொண்டுசென்று நிறுத்துவது அவருடைய அரசியலின் அடிப்படை முறையாக இருந்தது. பிற்காலத்தில் நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய பணியின் வித்து இந்த யாத்திரைகளில்தான் விழுந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கைதான அவர், 1941இல் தோழர்கள் சிலருடன் வேலூர் சிறையிலிருந்து தப்பித் தலைமறைவானார். 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலையைக் கொண்டாடியபோதும் அவர் கண்ணூர் சிறையில் இருந்தார். சில வாரங்கள் கழித்து விடுவிக்கப்பட்டவர், அந்த ஆண்டு டிசம்பரில் மீண்டும் கைது செய்யப்பட்டார். அடிமை நாட்டில் தொடங்கிய சிறைவாழ்வு சுதந்திர நாட்டிலும் தொடர்ந்தது.

கோபாலன் எதிர் சென்னை அரசு

1948இல் கல்கத்தாவில் நடந்த மாநாட்டில் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதக் கிளர்ச்சிப் பாதையை ஏற்றது. பல மாகாணங்களில் கட்சி தடை செய்யப்பட்டது; ஆயிரக்கணக்கானோர் சிறையில் அடைக்கப்பட்டனர். அரசமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதத்துக்குள், விசாரணையின்றிக் காவலில் வைக்க வகைசெய்யும் தடுப்புக் காவல் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சிறையில் இருந்த கோபாலனுக்கு 1950 மார்ச் 1ஆம் தேதி அச்சட்டத்தின் கீழ் காவல் ஆணை வழங்கப்பட்டது.

அதை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றத்தில் ஆள்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். அடிப்படை உரிமைகள் குறித்துப் புதிய உச்ச நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்த முதல் பெரும் வழக்கு அதுவே. அரசமைப்பை ஏற்காத பாதையில் சென்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கட்சியின் தலைவர், அதே அரசமைப்பின் 21ஆவது பிரிவைத் துணைக்கு அழைத்தார். அவருக்காக வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் வாதிட்டார். மத்திய அரசின் சார்பில் அட்டர்னி ஜெனரல் எம்.சி. செதல்வாட் ஆஜரானார்.

உயிர் வாழும் உரிமையையும் தனிமனித சுதந்திரத்தையும் சட்டம் வகுத்த நடைமுறையின்படி அன்றிப் பறிக்கக் கூடாது என்கிறது 21ஆவது பிரிவு. அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்பதே கோபாலன் தரப்பின் வாதத்தின் சாரம். 1950 மே 19 அன்று தீர்ப்பளித்த 6 நீதிபதிகள் கொண்ட அமர்வின் பெரும்பான்மையினர் அதை ஏற்கவில்லை. சட்டமியற்றும் அவை முறைப்படி வகுத்த நடைமுறை என்பதே போதும் என அவர்கள் கருதினர். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்ற 14ஆவது பிரிவு மட்டும் செல்லாது என அறிவிக்கப்பட்டது. நீதிபதி ஃபசல் அலி மாறுபட்ட தீர்ப்பை எழுதினார்.

வழக்கில் கோபாலன் தோற்றார். 1951இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் அவர் விடுதலையானார். அந்த ஆண்டு கம்யூனிஸ்ட் கட்சியும் தன் பாதையை மாற்றிக்கொண்டு முதலாவது பொதுத் தேர்தலில் போட்டியிட முடிவு செய்தது.

பதினாறு பேரின் தலைவர்

கண்ணூர் தொகுதியில் வென்ற கோபாலன், அன்றைய சென்னை மாநிலத்தின் உறுப்பினராக 1952இல் மக்களவைக்குள் நுழைந்தார். காங்கிரஸ் 364 இடங்களைப் பெற்றிருந்தது. கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தவை 16 இடங்கள். எனினும், தேர்தல் முடிவுகளின்படி காங்கிரஸுக்கு அடுத்த நிலையில் இருந்த கட்சி அதுவே. நாடாளுமன்றக் குழுவின் தலைவராகக் கோபாலனும், துணைத் தலைவராக வங்கத்தின் ஹிரேன் முகர்ஜியும் பொறுப்பேற்றனர்.

எதிர்க்கட்சித் தலைவர் என்ற அங்கீகாரம் கிடைக்கவில்லை. பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் வேண்டும் என்ற அளவுகோலை வகுத்தவர் முதல் மக்களவைத் தலைவர் ஜி.வி. மவலங்கர். அங்கீகாரம் இல்லாதபோதும், எதிர்த்தரப்பிலிருந்து எழும் குரல் யாருடையது என்பதில் அவைக்கு ஐயம் இருக்கவில்லை.

அவ்வாண்டே தடுப்புக் காவல் சட்டத்தை நீட்டிக்கும் மசோதாவை உள்துறை அமைச்சர் கைலாஷ்நாத் கட்ஜு கொண்டுவந்தார். அச்சட்டத்தால் சிறையில் அடைக்கப்பட்டு, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றவர், அதே சட்டத்தை நீட்டிக்கலாமா என்று முடிவுசெய்யும் அவையில் எதிர்க்கட்சிக் குழுவின் தலைவராக அமர்ந்திருந்தார். கம்யூனிஸ்டுகளோடு, அரசியலில் அவர்களுக்கு நேர் எதிரான ஜனசங்கத் தலைவர் சியாமா பிரசாத் முகர்ஜியும் அம்மசோதாவை எதிர்த்தார். கொள்கையில் இரு துருவங்களாக இருப்போரும் குடிமக்களின் சுதந்திரம் என்ற ஒரு புள்ளியில் ஒன்றுபட முடியும் என்பதை அந்த விவாதம் காட்டியது.

மசோதா நிறைவேறியது. ஓராண்டுக்கென்று வந்த சட்டம், திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு 1969 இறுதி வரை நீடித்தது. வாக்கெடுப்பில் வெல்ல இயலாத எதிர்க்கட்சியின் எதிர்ப்புக்கு என்ன பயன் என்று கேட்கப்படலாம். ஆனால், ஒவ்வொரு முறையும் அரசு அவைக்கு வந்து காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காரணங்கள் கேள்விக்கு உள்ளாயின. அனைத்தும் அவைக் குறிப்பில் பதிவாயின.

அவைக்கு வெளியே

கோபாலன் அவைக்கு உள்ளே இருந்த காலத்திலும் வெளியே நடந்த போராட்டங்களை விட்டு விலகவில்லை. காபி வாரியம் நடத்திவந்த காபி ஹவுஸ்களை 1950களின் நடுப்பகுதியில் மூடத் தொடங்கியபோது, ஊழியர்கள் பலர் வேலை இழந்தனர். அவர்களின் சங்கத்துக்கு வழிகாட்டிய கோபாலன், கோரிக்கை மனுக்களோடு நின்றுவிடாமல், கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து உணவகங்களைத் தாங்களே நடத்துமாறு ஊக்குவித்தார். 1957இல் பெங்களூரிலும் தில்லியிலும், அடுத்து கேரளத்திலும் உருவான இந்தியன் காபி ஹவுஸ்கள் அம்முயற்சியின் விளைவு.

1961இல் இடுக்கி நீர்மின் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து விவசாயக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, குமுளிக்கு அருகே அமராவதியில் போதிய வசதியின்றி விடப்பட்டன. அங்கே சென்று அக்குடும்பங்களின் மறுவாழ்வுக்காகக் கோபாலன் உண்ணாவிரதம் இருந்தார். அந்த விவசாயிகளில் பலர் கம்யூனிஸ்ட் ஆதரவாளர்கள் அல்லர். 1959இல் கேரளக் கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிரான கிளர்ச்சியில் முன்னின்ற பாதிரியார் ஜோசப் வடக்கன்கூட அமராவதிப் போராட்டத்தில் கோபாலனுக்குத் துணை நின்றார். மறுவாழ்வு குறித்த உறுதிமொழிகளுக்குப் பின்னரே உண்ணாவிரதம் முடிவுக்கு வந்தது.

அவர் சட்ட நுணுக்கங்களில் தோய்ந்த நாடாளுமன்றவாதி அல்லர். அந்தப் பெயர் ஹிரேன் முகர்ஜிக்கே உரியது. கோபாலன் கிளர்ச்சிக்காரர், அவையைவிட வயல்வெளியும் தெருவுமே அவருக்குப் பழக்கமான களங்கள். நாடாளுமன்றத்தைப் போராட்டக் களங்களில் ஒன்றாக மட்டுமே அவருடைய கட்சி கருதுகிறது என்ற விமர்சனம் நெடுநாள் இருந்தது. எனினும், பாதிக்கப்பட்டவர்களை நேரில் கண்டு வந்து அவையில் பேசும் உறுப்பினரின் சொல்லுக்குத் தனி எடை உண்டு.

1957 முதல் காசர்கோடு தொகுதியிலிருந்து தொடர்ந்து மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964இல் கட்சி பிளவுபட்டபோது, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவரானார். அக்கட்சியின் முதல் அரசியல் தலைமைக்குழுவின் ஒன்பது உறுப்பினர்களுள் அவரும் தமிழகத்தின் பி. ராமமூர்த்தியும் இருந்தனர்.

அதிகாரபூர்வமாக எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் மக்களவையில் முதன்முதலாக ஏற்கப்பட்டது 1969இல். காங்கிரஸ் பிளவுபட்டபோது, ஸ்தாபன காங்கிரஸின் ராம் சுபக் சிங் அந்த இடத்தைப் பெற்றார். ஆனால் 1971 தேர்தலில் இந்திரா காந்தியின் காங்கிரஸ் 352 இடங்களைக் கைப்பற்றியது. 25 இடங்களைப் பெற்ற மார்க்சிஸ்ட் கட்சியே எதிர்க்கட்சிகளில் பெரியது. பாலக்காட்டிலிருந்து தேர்வான கோபாலன், 19 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அதே நிலையை அடைந்தார். குழு இருந்தது, பதவி இல்லை.

நெருக்கடி நிலையில் ஒலித்த குரல்

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஜெயப்பிரகாஷ் நாராயண், மொரார்ஜி தேசாய், வாஜ்பாய், அத்வானி உள்ளிட்ட தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். 70 வயதைக் கடந்து உடல்நலம் குன்றியிருந்த கோபாலனும் கைதாகி, சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். கம்யூனிஸ்ட் இயக்கத்தின் இரு கட்சிகளும் இதில் எதிரெதிர் நிலை எடுத்தன. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அரசை ஆதரித்தது. மார்க்சிஸ்ட் கட்சி எதிர்த்தது.

நெருக்கடி நிலைப் பிரகடனத்துக்கு ஒப்புதல் பெறுவதற்காக ஜூலை 21 அன்று நாடாளுமன்றம் கூடியது. கேள்வி நேரமும் தனிநபர் மசோதாக்களும் நிறுத்தி வைக்கப்பட்டன. அரசின் அலுவல் மட்டுமே நடக்கும் என முடிவு செய்யப்பட்டது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் சிறையில் இருந்தனர். அன்று எழுந்து பிரகடனத்தைக் கண்டித்தவர் கோபாலன். சக உறுப்பினர்களைச் சிறையில் வைத்துக்கொண்டு அவையின் ஒப்புதலைப் பெறுவது நாடாளுமன்றத்தையே பொருளற்றதாக்கும் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

அந்தப் பேச்சை மறுநாள் நாளிதழ்களில் மக்கள் படிக்க இயலவில்லை. தணிக்கை விதிகள் எதிர்க்கட்சியினரின் பேச்சுகளுக்குத் தடையாக நின்றன. நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடும் இதழ்களுக்குப் பாதுகாப்பளிக்க பெரோஸ் காந்தியின் முயற்சியால் 1956இல் வந்த சட்டமும் 1976இல் நீக்கப்பட்டது. மக்களவையில் 336 பேர் ஆதரித்தும் 59 பேர் எதிர்த்தும் வாக்களிக்க, பிரகடனம் ஒப்புதல் பெற்றது. அதன்பின் எதிர்க்கட்சிகள் பெரும்பாலும் எஞ்சிய கூட்டத்தொடரைப் புறக்கணித்தன.

ஒரு காலத்தில் நாடாளுமன்ற முறை மீது தன் கட்சி கொண்டிருந்த ஐயங்களையும் மீறி, அவையின் உரிமைக்காக அன்று வாதிட்டவர் கோபாலன். நாடாளுமன்றப் பாரம்பரியத்தின் வாரிசாகத் தன்னைக் கருதிய ஆளுங்கட்சியோ அவையின் கேள்வி நேரத்தை நிறுத்தியது. இந்திய ஜனநாயக வரலாற்றின் முரண்களில் இது முக்கியமானது.

1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நெருக்கடி நிலையில் ஆள்கொணர்வு மனுவுக்கே வழியில்லை என்றது. நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். 1950இல் 21ஆவது பிரிவுக்கு அளிக்கப்பட்ட குறுகிய பொருள் ஒரு தனிமனிதரின் வழக்கோடு முடிந்துவிடவில்லை என்பதை நாடு அப்போது உணர்ந்தது.

தோல்விக்குப் பிந்தைய வெற்றி

1977 மார்ச் தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை விலக்கிக்கொள்ளப்பட்டது. மறுநாள் மார்ச் 22 அன்று ஏ.கே. கோபாலன் திருவனந்தபுரத்தில் காலமானார். 1952 முதல் ஐந்து மக்களவைகளில் உறுப்பினராக இருந்தவர், ஒருமுறைகூட அமைச்சர் பதவி வகித்ததில்லை. எதிர்க்கட்சித் தலைவர்களுக்கு ஊதியம் அளிக்கும் சட்டம் அவர் மறைந்த அதே ஆண்டில்தான் நிறைவேறியது. ஒய்.பி. சவாண் அப்போது அப்பதவியில் இருந்தார்.

அடுத்த ஆண்டு, 1978 ஜனவரியில், மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் நடைமுறை நியாயமானதாகவும் தன்னிச்சையற்றதாகவும் இருக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 1950இல் கோபாலன் தரப்பு முன்வைத்து நிராகரிக்கப்பட்ட வாதம் 28 ஆண்டுகளுக்குப் பின் சட்டமாயிற்று. அடிப்படை உரிமைகளைத் தனித்தனியே பார்க்கும் பழைய அணுகுமுறையை 1970இல் வங்கிகள் தேசியமயமாக்க வழக்கின் தீர்ப்பே தளர்த்தியிருந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று தனியுரிமை வழக்கில் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு ஜபல்பூர் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. ஃபசல் அலியின் மாறுபட்ட தீர்ப்பும் அப்போது பாராட்டுடன் நினைவுகூரப்பட்டது.

தடுப்புக் காவல் மட்டும் அகலவில்லை. அரசமைப்பின் 22ஆவது பிரிவு அதற்கு இன்னும் இடமளிக்கிறது. தேசியப் பாதுகாப்புச் சட்டம் 1980இலிருந்து நடைமுறையில் உள்ளது. கோபாலன் எழுப்பிய கேள்விக்கு நீதிமன்றங்கள் பாதி விடையை அளித்துள்ளன. மீதி விடையை அளிக்க வேண்டியது நாடாளுமன்றமே.

எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கான சட்ட ஏற்பாடு தேவையற்றது என்று இதற்குப் பொருளாகாது. 2013இல் நிறைவேறிய லோக்பால் சட்டம், தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவருக்கு இடமளித்தது. அப்பதவி காலியாக இருந்ததும் நியமனம் தாமதமாகக் காரணமாகச் சொல்லப்பட்டது. முதல் லோக்பால் 2019இல்தான் நியமிக்கப்பட்டார். ஆகவே, பதவி அவசியமானது. ஆனால், பதவியால் மட்டும் பணி நிறைவேறிவிடாது.

ஆட்சியாளர் கேட்க விரும்பாததை அவையில் கேட்பது, அவைக்கு வர இயலாதவர்களின் குறையை அங்கே பதிவு செய்வது, தோல்வி உறுதி எனத் தெரிந்த வாக்கெடுப்பிலும் எதிர்த்து நிற்பது ஆகிய மூன்றுக்கும் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்குத் தேவைப்படவில்லை. 16 உறுப்பினர்களோடு ஒருமுறையும், 25 உறுப்பினர்களோடு மறுமுறையும் கோபாலன் அப்பணியைச் செய்தார். மார்க்சிஸ்ட் கட்சியின் தில்லித் தலைமையகம் ஏ.கே. கோபாலன் பவன் என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு கட்சியின் எல்லைக்குள் அடங்காத அவருடைய மற்றொரு நினைவுச் சின்னம், சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் பயிலும் கோபாலன் எதிர் சென்னை அரசு என்ற அந்த வழக்கு.